ஆக்சிலேட்டரில் காலை எடுத்தால் கார் குலுங்குகிறதா?

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் வரும் மாதங்களில் வாசலில் நின்று பாருங்கள். டிராக்டர், மினி லாரிகளுக்கு நடுவே பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய மாருதி ஆம்னிகளும் நிற்கும். பின் சீட்டைக் கழற்றிவிட்டு நாலைந்து மூட்டை ஏற்றி வந்திருப்பார்கள். அதே வண்டி மறுநாள் சீட்டை மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகும், அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகும், ராத்திரி ஒரு மணிக்கு ஆஸ்பத்திரிக்கும் போகும்.

இந்தப் பழைய வண்டிக்காரர்கள் பலரும் சொல்லும் ஒரு குறை உண்டு. "ஓடும்போது நல்லாத்தான் ஓடுது. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா மட்டும் தூக்கித் தூக்கிப் போடுது." இதற்கு ஆளாளுக்கு ஒரு மருந்து சொல்வார்கள். ஒருவர் கிளட்ச் என்பார், ஒருவர் பிளக் என்பார், இன்னொருவர் வண்டியையே விற்கச் சொல்வார். என் ஆம்னிக்கும் போன வருஷம் இந்தக் குறை வந்தது. அதைக் கண்டுபிடித்த விதம் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

எந்தப் பாகம் போயிருக்கும் என்று யோசிப்பதற்கு முன்னால், எப்போது குலுங்குகிறது என்று கவனியுங்கள். பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடும்.

அவசரம் ஏன் வந்தது?

செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகும் வழியில் எனக்கு மூன்று ஏக்கர் நிலம். மல்லாட்டையும் நெல்லும் மாறி மாறி வைக்கிறேன். இரண்டு மாடு இருக்கிறது. மாட்டுக் கொட்டகையில் அம்மா வழுக்கி விழுந்து முதுகெலும்பில் விரிசல் விட்டது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். "முதுகு அதிராமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்த நேரம் பார்த்து வண்டி குலுங்க ஆரம்பித்தது.

ஒவ்வொரு வேகத்தடைக்கு முன்னாலும் காலை எடுப்பேன். அடியில் "டொக்" என்று ஒரு சத்தம் வரும், வண்டி இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் உலுக்கும். பின்னால் படுத்திருக்கும் அம்மா, "ஏண்டா, மெதுவா விடக் கூடாதா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பார். மெதுவாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு பட்டறையில் காட்டியபோது, ஓட்டிப் பார்க்காமலேயே "கிளட்ச் செட்டு மொத்தமா மாத்தணும், கியர்பாக்ஸை இறக்கணும், 9,500 ரூபா ஆகும்" என்றார்கள். பழைய வண்டி வியாபாரி ஒருவர் 30,000 ரூபாய்க்குக் கேட்டார். வண்டியைக் கொடுத்துவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வாடகைக் காருக்கு ஒரு நடைக்கு 1,800 ரூபாய். மாதம் இரண்டு நடை. மல்லாட்டை விதைப்புக்கு வைத்திருந்த பணம் மட்டும்தான் கையில். செலவு செய்வதானால் சரியான இடத்தில் செய்ய வேண்டும்.

இலை மஞ்சளானால் நாம் என்ன பார்க்கிறோம்? அடி இலை மஞ்சளா, நுனி இலை மஞ்சளா என்று பார்க்கிறோம். அடி இலை வெளுத்தால் தழைச்சத்து, நுனிக் குருத்து வெளுத்தால் இரும்புச்சத்தோ கந்தகமோ குறைவாக இருக்கலாம். கடைக்காரர் கொடுப்பதை வாங்கித் தெளிப்பதில்லை. வண்டியையும் அதே மாதிரி பார்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

காலை எடுக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும். மேட்டில் மாடு வண்டியை இழுக்கும். இறக்கத்தில் வண்டி மாட்டைத் தள்ளும். நுகத்தடியும் பூட்டாங்கயிறும் இறுக்கமாக இருந்தால் இந்த மாற்றம் தெரியாது. தளர்ந்திருந்தால் இறக்கம் தொடங்கிய அந்தக் கணத்தில் நுகத்தடி மாட்டின் கழுத்தில் "டக்" என்று இடிக்கும்.

காரிலும் அதுதான். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. காலை எடுத்ததும் சக்கரம் இன்ஜினைச் சுழற்றத் தொடங்குகிறது. இன்ஜின் பிரேக் என்று சொல்கிறோமே, அது இதுதான். இந்த மாறும் கணத்தில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே எங்கெல்லாம் தளர்ச்சி இருக்கிறதோ, அங்கெல்லாம் ஒரு பக்கம் ஒட்டியிருந்தது மறுபக்கம் போய் இடிக்கும்.

இன்னொரு காரணம் பெட்ரோல். எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் கியரில் இருக்கும்போது காலை முழுக்க எடுத்தால், கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். வேகம் குறைந்து இன்ஜின் சுற்று ஐடிலிங்கை நெருங்கும்போது மறுபடி பெட்ரோல் கொடுக்கும். நல்ல வண்டியில் இது தெரியாது. காற்று போகும் வழியில் கரி படிந்திருந்தால் இந்த நிறுத்தமும் தொடக்கமும் ஒரு உதறலாகத் தெரியும்.

ஆக, சந்தேகப்பட வேண்டியவை மூன்று கூட்டம். இன்ஜினின் மூச்சு, நடுவில் உள்ள தளர்ச்சி, பிரேக்கும் சக்கரமும். இந்த மூன்றில் எது என்று பிரித்துவிட்டால் போதும்.

காசு செலவில்லாத ஐந்து சோதனைகள்

விடியற்காலையில் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து, கோட்டை வழியாகப் போகும் திருவண்ணாமலை சாலையில் இவற்றைச் செய்தேன். பக்கத்தில் தம்பி மகன் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தான். பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துச் செய்வது முக்கியம்.

முதல் சோதனை, கியர் சரியா என்பது. நான்காம் கியரில் 20 கி.மீ. வேகத்துக்கு இறங்கினால் எந்த வண்டியும் உதறும். அது நோயில்லை, கியர் குறைக்கச் சொல்லி இன்ஜின் கேட்கிறது. அதனால் வேகத்துக்கு ஏற்ற கியரில் இருக்கும்போதும் குலுங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். என் வண்டி மூன்றாம் கியரில் 40-ல் போகும்போதும் குலுங்கியது.

இரண்டாவது, கிளட்ச் சோதனை. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அதே 40-ல் காலை எடுக்கும்போதே கிளட்சையும் முழுக்க மிதித்தேன். குலுக்கல் இல்லை, சத்தமும் இல்லை. கிளட்சை மிதித்துக்கொண்டே பிரேக்கும் போட்டுப் பார்த்தேன். வண்டி வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. கிளட்ச் மிதித்தால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. அப்படியும் குலுங்கினால் குறை பிரேக்கிலோ சக்கரத்திலோ இருக்கிறது. மிதித்ததும் நின்றுவிட்டால் இன்ஜினிலோ நடுத் தளர்ச்சியிலோ இருக்கிறது. மூன்று கூட்டத்தில் ஒன்று கழிந்தது.

மூன்றாவது, கியர் மாற்றிப் பார்ப்பது. இரண்டாம் கியரில் 25-ல் காலை எடுத்தால் பலமான உலுக்கல். நான்காம் கியரில் 50-ல் எடுத்தால் லேசாகத்தான் தெரிந்தது. சின்ன கியரில் இன்ஜினின் இழுப்பும் பிடிப்பும் பெருகும். அதனால் தளர்ச்சி இருந்தால் சின்ன கியரில் அதிகம் தெரியும். விற்பனைக்கூடத்து வரிசையில் ஊர்ந்து போகும்போது வண்டி ஏன் அவ்வளவு உலுக்கியது என்பது இதில் விளங்கியது.

நான்காவது, நின்ற இடத்தில் ஐடிலிங். நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை மெதுவாக ஏற்றி, சட்டென்று விட்டேன். சுற்று இறங்கி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். என் வண்டியில் இறங்கி, அணைவது போலப் போய், மறுபடி ஏறி, அப்புறம்தான் நின்றது. மூச்சிலும் சின்னக் குறை இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஆக்சிலேட்டர் கேபிள் ஒட்டாமல் திரும்புகிறதா, காற்றுக் குழாய்களில் எங்கேயாவது "உஸ்" என்ற சத்தம் வருகிறதா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது, தளர்ச்சியைக் கையால் தொட்டுப் பார்ப்பது. ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில், ஓடுவது பின்சக்கரம். நடுவில் நீளமான புரொபெல்லர் ஷாஃப்ட். அதன் முனைகளில் கிராஸ் ஜாயின்ட். ரோட்டவேட்டர் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். டிராக்டர் பி.டி.ஓ. ஷாஃப்டில் இருக்கும் அதே கிராஸ்தான், அளவு மட்டும் சிறியது. அங்கே தவறாமல் கிரீஸ் அடிக்கிறோம். காரின் அடியில் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

சமதரையில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சைலன்சர் ஆறிய பிறகு, நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டேன். பக்கவாட்டில் படுத்து, ஷாஃப்டை ஒரு கையாலும், கிராஸுக்கு அந்தப் பக்கம் இருப்பதை மறு கையாலும் பிடித்து எதிரெதிராகத் திருகினேன். நல்ல கிராஸில் அசைவே இருக்கக் கூடாது. பின் கிராஸ் "கிளக், கிளக்" என்று ஆடியது. அதன் மூடியைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துருத்தூள். உள்ளே ஊசி ரோலர்கள் கிரீஸ் வற்றித் தேய்ந்துவிட்டன என்பதற்கு அந்தத் தூளே சாட்சி.

ஒன்றை மறக்காதீர்கள். ஜாக்கி மட்டும் வைத்துத் தூக்கிய வண்டிக்கு அடியில் தலையைக்கூட நீட்டக் கூடாது. ஸ்டாண்டு இல்லையென்றால் இந்தச் சோதனையைப் பட்டறையிலேயே செய்யச் சொல்லுங்கள்.

என்ன செய்தோம், எவ்வளவு ஆனது?

நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இன்னொரு மெக்கானிக்கிடம் போனேன். முப்பது வயசுப் பையன். எழுதியதைப் படித்துவிட்டு, "அண்ணே, இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்ல. கிளட்ச் போயிருந்தா காலை எடுக்கும்போது தெரியாது. லோடோட மேடு ஏறும்போது இன்ஜின் கத்தும், வண்டி நகராது, கருகல் நாத்தம் வரும். அப்படி ஏதாவது இருக்கா?" என்று கேட்டான். இல்லை. கிளம்பும்போது நடுக்கமும் இல்லை. கிளட்ச் நன்றாகத்தான் இருந்தது.

எளிதானதிலிருந்து தொடங்கினோம். முதலில் த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்தான். உள்ளே தார் பூசினது போலக் கரி. ஏர் ஃபில்டரும் மாற்றினோம். ஐடிலிங் சரியானது. உதறல் பாதி குறைந்தது. ஆனால் "டொக்" அப்படியே இருந்தது.

அடுத்து மவுன்டிங் ரப்பர். சீட்டைத் தூக்கி வைத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சை லேசாக விட்டுப் பார்த்தான். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டோம். இன்ஜின் கொஞ்சம் சாய்ந்து திரும்பி வந்தது, துள்ளவில்லை. ரப்பரில் பிளவு இல்லை. அதற்குச் செலவு செய்யவில்லை.

கடைசியில் ஷாஃப்டை இறக்கினோம். கழற்றுமுன் இரண்டு பக்கமும் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டான். திரும்ப மாட்டும்போது அதே நிலையில் மாட்டவில்லையென்றால் வேகத்தில் அதிர்வு வரும் என்றான். கழற்றியதோடு கழற்றியதாக இரண்டு கிராஸையும் மாற்றிவிட்டோம்.

சுத்தம் செய்தது, ஃபில்டர், இரண்டு கிராஸ், கூலி எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய். அடுத்த முறை முண்டியம்பாக்கம் போனபோது அம்மா விக்கிரவாண்டி வரை தூங்கிக்கொண்டே வந்தார்.

மற்ற வண்டிகளுக்கு

பொலிரோ, சுமோ, அம்பாசிடர், டாடா ஏஸ் போன்ற பின்சக்கர இழுவை வண்டிகளுக்கு மேலே சொன்ன கிராஸ் சோதனை அப்படியே பொருந்தும். கிரீஸ் நிப்பிள் இருக்கும் கிராஸாக இருந்தால் ஒவ்வொரு சர்வீஸிலும் கிரீஸ் அடிக்கச் சொல்லுங்கள்.

மாருதி 800, ஆல்ட்டோ போன்றவை முன்சக்கர இழுவை. புரொபெல்லர் ஷாஃப்ட் கிடையாது. அங்கே காலை எடுக்கும்போது இடித்தால் முதலில் இன்ஜின், கியர்பாக்ஸ் மவுன்டிங் ரப்பரைப் பாருங்கள். அடுத்து முன்சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில் ஜாயின்ட். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது "டக் டக்" என்று அடித்தால் வெளி ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் சிதறியிருந்தால், சத்தம் வருமுன்பே உறையை மாற்றிவிடுங்கள். உறைக்கு ஆகும் செலவு குறைவு. மண் புகுந்த பிறகு ஜாயின்ட்டையே மாற்ற வேண்டிவரும்.

கார்புரேட்டர் இருக்கும் பழைய மாருதிகளில் சோக் கேபிள் முழுக்க உள்ளே போகிறதா, ஐடிலிங் சரியாக வைத்திருக்கிறதா, பிளக், பிளக் ஒயர் நன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றதைத் தொடுங்கள்.

கிளட்சை மிதித்தும் குலுங்கினால், அதுவும் பிரேக் போடும்போது மட்டும் குலுங்கினால், கதை வேறு. பிரேக் மிதியில் துடிப்பு தெரிந்தால் டிஸ்க் கோணியிருக்கலாம் அல்லது டிரம் வட்டம் தப்பியிருக்கலாம். ஒரு பக்கமாக இழுத்தால் பிரேக் ஆயில் கசிந்து ஷூவில் பட்டிருக்கலாம், காலிப்பர் ஒட்டியிருக்கலாம். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஆர்ம் புஷ் தேய்ந்தாலும் பிரேக் போடும்போது முன்பக்கம் உதைக்கும். இவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. சரி செய்யும்வரை வண்டியை எடுக்காமல் இருப்பதே நல்லது.

மெக்கானிக்கிடம் போகுமுன் ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள்

1. எந்த கியர், எந்த வேகம்?
2. காலை எடுக்கும்போதா, பிரேக் போடும்போதா, கிளம்பும்போதா?
3. கிளட்சை மிதித்தால் நிற்கிறதா?
4. இன்ஜின் சூடாகாத காலையிலா, சூடான பிறகா, எப்போதுமா?
5. சத்தம் உண்டா? அடியிலா, முன்னாலா?
6. கடைசியாக என்ன வேலை செய்தீர்கள்?

பாகத்தின் பெயரைச் சொல்லி "இதை மாத்துங்க" என்று கேட்டால் அதை மாற்றித் தருவார்கள். குறை போகவில்லை என்று பிறகு சண்டை போட முடியாது. அடையாளத்தைச் சொல்லுங்கள், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஊரில் என்னிடம் கேட்டவர்களுக்கு

"இறக்கத்தில் நியூட்ரல் போட்டுவிட்டால் குலுங்குவதில்லை, பெட்ரோலும் மிச்சம். அப்படியே ஓட்டலாமே?"

வேண்டாம். எம்.பி.எஃப்.ஐ. வண்டி கியரில் இறங்கும்போது பெட்ரோல் நின்றுவிடுகிறது. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடித்துக்கொண்டேதான் இருக்கும். இன்ஜின் பிடிப்பும் போய்விடுவதால் லோடு வண்டியில் பிரேக் சூடேறி பிடிக்காமல் போகும் ஆபத்து இருக்கிறது. பழுது பார்க்கும்வரை காலைச் சட்டென்று எடுக்காமல், மெல்ல மெல்ல எடுங்கள். இடி குறையும்.

"என் ஆம்னியில் கேஸ் கிட் இருக்கிறது. கேஸில் ஓட்டும்போது உதறுகிறது."

ஒரு நாள் முழுக்கப் பெட்ரோலில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். பெட்ரோலில் சரியாக இருந்தால் குறை கேஸ் கிட்டின் டியூனிங்கிலோ ரெகுலேட்டரிலோ இருக்கிறது. இரண்டிலும் உதறினால் பிளக், காற்று வழி, தளர்ச்சி என்று பாருங்கள். கேஸ் இணைப்பை நீங்களே கழற்ற வேண்டாம். அதற்கான பட்டறையில்தான் கொடுக்க வேண்டும்.

"பதினைந்து வருஷ வண்டிக்கு இவ்வளவு பார்க்கணுமா? விற்றுவிட்டால் என்ன?"

சொந்த உபயோகக் காருக்கு ஆர்.சி. பதினைந்து வருஷம். அதற்குப் பிறகு வண்டியைக் காட்டி ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும், கட்டணமும் வரியும் கட்ட வேண்டும். அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அடித் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால், இன்ஜின் ஆயில் குடித்துப் புகை தள்ளினால், விற்பதுதான் புத்திசாலித்தனம். தகடும் இன்ஜினும் நன்றாக இருந்து, காலை எடுக்கும்போது மட்டும் குலுங்குகிறது என்றால், அந்த ஒரு குறைக்காக விற்காதீர்கள். வாங்குகிறவர் ஆயிரம் இரண்டாயிரத்தில் அதைச் சரிசெய்து, உங்களிடம் குறைத்த விலையை அடுத்தவரிடம் கூட்டி வாங்கிவிடுவார்.